படுக்கையை மாற்றிப்போடுகிறவர்

எங்கள் பக்கத்தில் சுகமில்லாதவர்களைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, ரொட்டி பாக்கெட், அதோடு ஒரு வசனம். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வந்தவர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார், என்ன ஏது என்று விசாரிப்பார், கிளம்பும் முன் ஜெபம் பண்ணுவார். எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்த பிறகு வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் கொண்டுவந்தது ஏசாயா 53-ஆம் அதிகார வசனம்: “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்.” அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த வசனத்தை நானும் நம்புகிறேன். ஆனால் குணமாகாமல் இருக்கிற வருஷங்களில் எதைப் பிடித்துக்கொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வேதத்திலிருந்தும் சில மனுஷரிடமிருந்தும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடக்குவாதம் என்றால் வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு. நோயோடு போராடவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்க ஆரம்பித்துவிடும். சவ்வு வீங்கும். கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரித்து, விரல்கள் கோணிப்போகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எனக்கு நாற்பதைத் தாண்டியதும் வந்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவியது. அப்புறம் சேலைக் கொசுவத்தை மடிக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தால்தான் விறைப்பு விடும். வலியைவிடப் பெரிய தொல்லை அசதி. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் அது போகாது, வெளியே தெரியவும் தெரியாது. “பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்” என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவைப்பேன்.

மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு தரம். மெத்தோட்ரெக்ஸேட். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சீட்டில் கிழமையைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார். அதோடு ஃபோலிக் ஆசிட், ஈரலைக் கவனிக்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. முதலில் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் குமட்டல் வந்து ஆராதனைக்குப் போகமுடியாமல் ஆனது. டாக்டரிடம் கேட்டு வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். கோயிலுக்குப் போகவேண்டும் என்று சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் என்னிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். விசுவாசத்தை அறிக்கை பண்ணிவிட்டு மாத்திரையும் சாப்பிட்டால் அது அவிசுவாசமாம். நான் நிறுத்தவில்லை. ஆனால் அந்த வார்த்தை உள்ளே தைத்துவிட்டது. உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் விரல் கோணிக்கொண்டு போகிறது. நோயாளியிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதைவிடக் கொடியது எனக்குத் தெரிந்து இல்லை. ஏற்கெனவே உடம்பு சுமக்கிறதோடு, ஆண்டவரைப் பிரியப்படுத்தத் தெரியாதவள் என்கிற பழியையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறது அது.

அந்த நாட்களில் அப்போஸ்தலனாகிய பவுல் எழுதின நிருபங்களை, அதாவது கடிதங்களை, வேறு கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன். எங்கெல்லாம் வியாதி வருகிறது என்று தேடித்தேடி வாசித்தேன். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசியில், வாழ்த்துதல்களுக்கு நடுவே ஒரு வரி கிடக்கிறது: “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.” சின்ன வயதிலிருந்து எத்தனையோ தரம் அதைக் கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை அங்கேயே நின்றுவிட்டேன். பவுல் சாதாரண ஆள் இல்லை. மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பன் காய்ச்சலாகக் கிடந்தபோது ஜெபம்பண்ணி, கைகளை வைத்துக் குணமாக்கினவர். அப்படிப்பட்டவர் தன்னோடு ஊர் ஊராக வந்த துரோப்பீமுவை வியாதியோடு விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. அதற்கு ஒரு விளக்கமும் எழுதவில்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு சொல் இல்லை. அவன் வியாதியாக இருந்தான், அவ்வளவுதான்.

பவுலின் இன்னொரு உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாக இருந்தான், தேவன் அவனுக்கு இரங்கினார், பிழைத்தான். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அவனுக்குப் பவுல் சொன்னது, தண்ணீர் மாத்திரம் குடிக்காதே, கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று. ஒரே ஊழியக்காரரின் கூட்டாளிகளில் ஒருவன் பிழைத்தான், ஒருவனுக்குக் கைவைத்தியம், ஒருவன் வியாதியோடு மிலேத்துவில் தங்கிவிட்டான். மூன்று பேரும் விசுவாசிகள்தான். துரோப்பீமுவின் பெயர் இருக்கிற அதே அதிகாரத்தில், எல்லாரும் போய்விட்ட பிறகு “லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்” என்றும் பவுல் எழுதுகிறார். லூக்கா யார்? கொலோசெயர் நிருபத்தில் “பிரியமான வைத்தியன்” என்று அவர் சொன்ன அதே ஆள். கடைசிக் காலத்தில் பவுலோடு இருந்தவர் ஒரு வைத்தியர். அதற்குப் பிறகு மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது எனக்கு உறுத்தவில்லை.

பவுலுக்கே ‘மாம்சத்தில் ஒரு முள்’ இருந்தது, அவரை வாட்டின ஏதோ ஒன்று. அது என்ன என்று வேத அறிஞர்கள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண் என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். அது தெரியாமலிருப்பதே எனக்கு நல்லதாகப் படுகிறது. யாருடைய வலிக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. நீங்கவேண்டும் என்று மூன்றுதரம் வேண்டிக்கொண்டேன் என்கிறார். கிடைத்த பதில்: “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.” இந்த வசனத்தைச் சுவரில் மாட்டுகிறோம், காலண்டரில் அச்சடிக்கிறோம். கேட்டது கிடைக்காத ஒரு மனுஷனுக்கு வந்த பதில் இது என்பது மட்டும் ஏனோ நினைவில் நிற்பதில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்திலும் அப்படித்தான். பாடுகளின் பாத்திரம் நீங்கவேண்டும் என்று ஆண்டவரே மூன்று தடவை ஜெபித்தார், நீங்கவில்லை. அதைவிட எனக்கு நெருக்கமானது, சீஷர்களிடம் விழித்திருங்கள் என்று அவர் கேட்டதுதான். வேதனையில் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தேவனுடைய குமாரனே கேட்டிருக்கிறார். அப்படியிருக்க, ராத்திரியில் வலி தாங்காமல் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் தேவலை என்று நினைப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒரு சமயம் காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்துகொண்டதில் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வந்தது. தானாகப் புரளக்கூட முடியாது. படுக்கை விரிப்பு வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரிப்பை மாற்ற என்னை எழுப்பி நிறுத்துவார்களோ என்று எனக்குப் பயம். காலைப் பணிக்கு வந்த நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண், எழுப்பவே இல்லை. என் தோளிலும் இடுப்பிலும் கைவைத்து மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பழைய விரிப்பை என் முதுகுவரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்தாள். காலியான பாதிக் கட்டிலில் புது விரிப்பைப் போட்டு ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள். “இப்ப இந்தப் பக்கம் திரும்பணும் அக்கா, ஒரு சின்ன மேடு ஏறி இறங்குற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்” என்றாள். திரும்பினேன். மறுபக்கம் போய்ப் பழையதை உருவினாள், புதியதை இழுத்துச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். சில நிமிஷ வேலை. துவைத்து வெயிலில் காய்ந்த துணியின் வாசனை முதுகுக்குக் கீழே.

அன்றைக்குத்தான் 41-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம் எனக்கு விளங்கியது. “படுக்கையின்மேல் வியாதியாய்க்கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார், அவனுடைய வியாதியிலே அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்.” படுக்கையை மாற்றிப்போடுவது என்றால் சுகமாக்கி எழுப்பிவிடுவது என்றே கேட்டு வளர்ந்தேன். அப்படியும் இருக்கலாம். ஆனால் வசனம் “வியாதியிலே” என்கிறது. எழும்பமுடியாமல் கிடக்கும்போதே தோளையும் இடுப்பையும் தாங்கித் திருப்பி, ஈர விரிப்பை உருவி, உலர்ந்ததைப் போடுகிறவர். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் நர்ஸ் செய்கிற வேலையைச் செய்வதாக தாவீது பாடுகிறார். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வார்டில் அவர் அப்படித்தான் வந்தார். பிரசங்கிகள் இதையும் கொஞ்சம் சொன்னால் நன்றாயிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதிர்வீட்டுச் சித்தி தினமும் காலையில் வர ஆரம்பித்தார்கள். சொந்தச் சித்தி இல்லை, எங்கள் சபை. எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது; பாட்டும் வசனமும் காதால் கேட்டு மனப்பாடம். முதல் நாள் வந்தபோது ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. “எந்த இடத்துல வலிக்கி?” என்று கேட்டார்கள். எல்லா இடமும் என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தலை பின்ன முடியுமா?” என்றார்கள். முடியாது. விரல் மடங்காதவளுக்குச் சடை எப்படி வரும்? தேங்காயெண்ணெயும் சீப்பும் எடுத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார்கள். சிக்கை நுனியிலிருந்து மேலே மேலே எடுத்து, இழுக்காமல், வலிக்காமல். பின்னி முடிக்கும்வரை வாய்க்குள் ஒரு பழைய பாட்டு. அப்புறம் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளும் வந்தார்கள்.

அப்போது எனக்கு ஜெபம் வரவில்லை. இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்த நிலையில் இருக்கிறவர்கள் பலர் அதை வெளியே சொல்லப் பயப்படுகிறார்கள். வலி அதிகமாக இருக்கும்போது மனசு ஒரு வாக்கியத்தைக்கூடக் கோக்காது. பைபிளின் மெல்லிய தாளைப் புரட்ட விரல் ஒத்துழைக்காது. பாடினால் மூச்சு வாங்கும். நாலு பேர் சுமந்துகொண்டு வந்த திமிர்வாதக்காரன் கதையை அந்த நாட்களில்தான் நினைத்துக்கொண்டேன். கப்பர்நகூமில் வீட்டுக்கு மேலே ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். மாற்கு எழுதுகிறபடி, இயேசு அந்த நாலு பேரின் விசுவாசத்தையும் பார்க்கிறார். படுத்துக்கிடந்தவன் ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. நம்பினானா, சந்தேகப்பட்டானா, எல்லாம் வீண் என்று கண்ணை மூடிக்கொண்டானா, தெரியாது. நாலு பேர் நம்பினார்கள், கூரை திறந்தது. என் கட்டிலின் ஒரு முனையைச் சித்தி பிடித்திருந்தார்கள், ஒரு முனையை அந்த நர்ஸ். ஐக்கிய சங்கத்துப் பெண்கள் வாரந்தோறும் வந்து பாடிவிட்டுப் போனார்கள். விசுவாசம் என்பது நான் ஒருத்தியாகத் தூக்கவேண்டிய பாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதுவே என்னைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது படுத்துக்கிடந்தபோதுதான் தெரிந்தது.

ஜெபம் வராத நேரத்துக்கு ரோமர் எட்டாம் அதிகாரம் இருக்கிறது. நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” வேண்டுதல் செய்கிறார். புலம்புவதற்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியில் வந்து முடியும். இது அப்படி முடியாது. சிநேகிதரும் தோழரும் விலகிப்போன இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இப்படி ஒரு பாட்டையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இதையும் சேர்த்துத்தான் அவர் கேட்கிறார். இப்போது செல்போனில் ஆடியோ வேதாகமம் போட்டுக்கொள்கிறேன். தாளைப் புரட்டவேண்டியதில்லை.

டோனாவூர் எங்களுக்குத் தூரமில்லை, களக்காட்டுக்குப் பக்கம். மலையடிவாரத்தில், வேம்பும் புளியும் அடர்ந்த இடம். அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்தது, தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளை அவர் காப்பாற்றி வளர்த்ததைத்தான். அவருடைய கடைசிக் காலத்தை யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை. 1931 அக்டோபரில் களக்காட்டில், மருத்துவப் பணிக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். பொழுது சாய்ந்த நேரம். தோண்டக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அப்போது அவருக்கு 63 வயது. சீக்கிரம் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் டோனாவூரில் தன் அறையிலேயே இருந்தார். அங்கேயிருந்து எழுதினார், கடிதம் கடிதமாக, புத்தகம் புத்தகமாக. அதில் ஒன்றைச் சொல்லவேண்டும். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை சுகமாக இருக்கிறவர்கள் எழுதியவை, அவை படுத்திருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை என்று அவருக்குப் பட்டது. அதனால் நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. அப்போதுதான் டாக்டராகி வேலைக்கு வந்திருந்த இளம்பெண். அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார்: தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் அதைச் செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சிஎம்சி என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று ஒரு துறையையே நடத்தினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தார்கள். 1972-இல் பத்மஸ்ரீ. மடங்கின விரல்களோடு இருக்கிறவள் என்பதால் இந்தக் கதை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆனால் இவர்களைப் பற்றிச் சொல்லும்போது கவனமாகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். “பாருங்க, அவங்க எவ்வளவு செஞ்சாங்க” என்று நோயாளியிடம் சொன்னால் அது இன்னொரு பாரமாகிவிடும். எனக்கு ஆறுதல் தருவது அவர்கள் சாதித்தது இல்லை. தூக்கம் வராத ராத்திரிகள் அம்மையாருக்கும் இருந்தன. நிமிர்ந்து உட்காருவதற்கே மேரி வர்கீஸ் முதுகில் அறுவைகள் செய்துகொள்ளவேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவர்கள் ஒன்றும் சாதிக்கவில்லை. அப்போதும் அவர்கள் தேவனுடைய பிள்ளைகளாகவே இருந்தார்கள்.

திருவிருந்தில் முழங்கால் போட முடியாமல் போனதுதான் எனக்கு ரொம்பநாள் வருத்தம். பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டி அப்பத்தை வாங்குவது சின்னப்பிள்ளையில் திடப்படுத்தல் எடுத்ததிலிருந்து வந்த பழக்கம். இப்போது முழங்கால் மடங்காது, உள்ளங்கையும் முழுதாக விரியாது. முதல் தடவை நின்றுகொண்டே வாங்கினேன். அடுத்த மாதம் ஐயர், எங்கள் சபைப் போதகர், என்னிடம் வந்து, “நீங்க வரவேண்டாம்மா, பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்க, நாங்க வாறோம்” என்றார். எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, அங்கி தரையில் உரச, தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி பெஞ்சுவரை நடந்து வந்தார். கை விரியாததைப் பார்த்துவிட்டு அப்பத்தை என் வாயில் வைத்தார். “உனக்காகப் பிட்கப்பட்ட சரீரம்” என்பதை வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். உடைந்த உடம்போடு கேட்கும்போது அது நேராக வந்து சேருகிறது.

உயிர்த்தெழுதலைப் பற்றியும் இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய சரீரத்தில் ஆணிக் காயங்கள் மறையவில்லை. தோமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மகிமையான உடம்பிலும் காயம்பட்ட இடம் இருக்கிறது. எனக்குப் புது உடம்பு வரும் என்று நம்புகிறேன், வலியில்லாத விரல்கள் வரும் என்று நம்புகிறேன். ஆனால் இங்கே பட்ட பாடு ஒன்றுமே நடக்காதது போல அழிக்கப்படாது என்றும் நம்புகிறேன். அவர் தன்னுடையதை அழிக்கவில்லையே.

வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்டிகை முடிந்ததும் போய்ச் சேரவேண்டும். ஐயரிடம் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன், உங்களிடமும் கேட்கிறேன். சுகம் வேண்டும் என்றே கேளுங்கள், தயங்கவேண்டாம். நானும் அதைத்தான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டேயிருப்பேன். புண் ஆறும்வரை சில மாத்திரைகளை நிறுத்திவைப்பார்கள், அந்த வாரங்களில் விரல்கள் ரொம்ப மோசமாகிவிடாமல் இருக்கவும், மறுநாளே எழுப்பி நடக்கவைக்கும்போது எனக்குத் தைரியம் இருக்கவும் ஜெபியுங்கள். சித்திக்கு எழுபது வயதாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குச் சீப்பு எடுத்துக்கொண்டு வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.